மிதித்து எடுக்கும் மின்சாரம்: ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

ஒரு வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த வீட்டிலிருப்பவர்களே மிதித்து எடுத்துக்கொள்ள முடியுமா? எண்ணெய் விலை ஏறும்போதும், போர் வந்து கம்பிகள் அறுபடும்போதும், மின்வெட்டு நீளும்போதும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடை சொல்ல வந்தவர்கள் வேறு வேறு துறைக்காரர்கள்: இயந்திரப் பொறியாளர்கள், காந்தியவாதிகள், சூழலியலாளர்கள், வணிகர்கள், உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் படித்ததற்கான அடையாளம் அதிகமில்லை. அதனால்தான் விடைகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது தேவையாகிறது.

பெங்களூரின் தொம்மலூரில் நின்று இதைப் பார்க்கக் காரணம் உண்டு. சிவனசமுத்திரத்தின் நீர்மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கு வந்தது. இந்திய நகரங்களில் மின்விளக்கை மிக முன்னதாகவே கண்ட ஊர் இது. சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளால் பழமை தெரியவரும் தொம்மலூர், இன்று அடுக்குமாடிகளும் அலுவலகங்களும் நெருங்கிய பகுதி. எரிசக்தி ஆய்வு நிறுவனமான டெரியின் தென்மண்டல மையமும் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மின்சாரத்தை இயன்றவரை நாடாதபடி கட்டப்பட்ட கட்டடம் அது. நகரின் இன்னொரு பக்கத்தில் இந்திய அறிவியல் கழகம். கிராமத்து ஆற்றல் பற்றி இந்தியாவில் நடந்த மிகக் கூர்மையான ஆய்வுகளில் சில அங்கே பிறந்தவை. நூற்கும்போதே மின்சாரம் சேர்க்கும் ராட்டையும் பெங்களூரில் உருவானதுதான்.

காலின் எல்லை

உடல் எவ்வளவு தரும் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் சீராக மிதித்தால் சராசரியாக 75 வாட் கிடைக்கும். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்டூவர்ட் வில்சன், எம்.ஐ.டி.யின் டேவிட் கோர்டன் வில்சன் போன்றோர் மிதிசக்தி பற்றி எழுதிய 1970-களிலிருந்து பொதுவாகப் பயன்படும் கணக்கு இது. பயிற்சி பெற்ற பந்தய வீரர் 300 வாட்டுக்கு மேல் தாக்குப்பிடிப்பார். ஆனால் பெருந்தொடைகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மன் சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்ட்மான், 2015-இல் 700 வாட் டோஸ்டர் ஒன்றை மிதித்து ஓட்டி ஒரே ஒரு ரொட்டித் துண்டை வாட்டி முடித்ததும் தரையில் சாய்ந்துவிட்டார்.

75 வாட்டை ஒரு மணி நேரம் கொடுத்தால் 0.075 யூனிட். ஒரு யூனிட் சேர்க்கப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் மிதிக்க வேண்டும். யூனிட் ஆறேழு ரூபாய் என்று வைத்தால், ஒரு மணி நேர உழைப்பின் சந்தை மதிப்பு ஐம்பது காசு. கீசரில் பதினைந்து லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்றக் கிட்டத்தட்ட ஆறு மணி நேர மிதிப்பு தேவை. இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெப்பம் கேட்கும் எந்தச் சாதனத்துக்கும் கால் ஈடுகொடுக்காது.

கணக்கின் மறுபக்கத்தில் சோறு இருக்கிறது. தசை, தான் உண்ட ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். மீதி வெப்பமாக வெளியேறும். 75 வாட்டில் ஒரு மணி நேரம் மிதிப்பவர் ஏறக்குறைய 300 கிலோகலோரி செலவழிக்கிறார். வியர்வை ஆற அவர் பழைய வகை மின்விசிறி ஒன்றைப் போட்டுக்கொண்டால், அது உண்ணும் 75 வாட் அவர் தந்ததை முழுக்க விழுங்கிவிடும்.

இந்தக் கணக்கோடு விவாதம் முடிந்தது என்று கருதுவோர் பலர். எல்லோரும் கொஞ்சம் செய்தால் கொஞ்சம்தான் நடக்கும் என்று 2008-இல் வாதிட்ட கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் டேவிட் மெக்கேயின் சிந்தனையை இதற்குத் துணைக்கு அழைக்கலாம். கணக்கு சரி. ஆனால் இந்த நிலைப்பாடு எல்லாப் பயனையும் யூனிட்டால் அளக்கிறது. துணி தைப்பதும் தண்ணீர் கொதிக்க வைப்பதும் அதற்கு ஒரே தராசு. தையற்காரரின் கால் இந்த வாதத்தை நூறாண்டுகளாக மறுத்துவருகிறது.

மின்சாரமாக்காத மிதிப்பு

காலால் வேலை வாங்குவது நமக்குப் புதிதல்ல. ஏற்றத்தில் ஆட்கள் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்களுடைய உடல் எடையே சாலைக் கிணற்றிலிருந்து தூக்கும். யாழ்ப்பாணத்தில் இதையே துலா மிதித்தல் என்பார்கள். சாணை பிடிப்பவரின் சைக்கிள், மிதித்து ஓட்டும் தையல் மெஷின் எல்லாம் இந்த மரபில் வருபவை. இவற்றில் எதுவும் ஆற்றலை மின்சாரமாக்குவதில்லை. கால் கொடுத்ததை வாரும் பல்சக்கரமும் நேராக வேலைக்குக் கொண்டுபோகின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மாவாட்டும் கிரைண்டரில் பார்க்கலாம். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் பொதுவாக 150 வாட். சிறிய மோட்டார்களின் திறன் குறைவு. உள்ளே போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதிதான் கல்லைச் சுற்றும். மோட்டாருக்கு மோட்டார் இது மாறும். அப்படியானால் கல்லுக்குத் தேவை 80 வாட் அளவு. உளுந்தும் அரிசியும் ஆட்டி முடிக்க முக்கால் மணி நேரம். மிதியைக் கல்லோடு நேராக இணைத்தால், சற்று முயன்று மிதிப்பவரால் இது முடியும். அதே வேலையை மின்சார வழியில் செய்து பாருங்கள். மிதிப்பு ஜெனரேட்டரில் கால்பங்கை இழக்கும். லெட்-ஆசிட் பேட்டரியில் மிச்சத்தில் இன்னொரு கால்பங்கு. இன்வெர்ட்டரில் மேலும் கொஞ்சம். கையில் சேர்வது பாதிக்கும் குறைவு. கிரைண்டர் கேட்கும் 150 வாட்டைக் கொடுக்க 300 வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டும். அது பந்தய வீரரின் வேலை. உளுந்தும் ஒன்று, கல்லும் ஒன்று. இடையில் எத்தனை முறை உருமாற்றுகிறோம் என்பதே நாலு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

இந்த நேர்வழிக்கு இந்தியாவில் அரசியல் அடித்தளமும் இருந்தது. 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. இயந்திரம் கையாலோ காலாலோ இயங்கலாம். விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது. இருபது ஆண்டு உழைக்க வேண்டும். ஒரு பெண் எட்டு மணி நேரம் பெரிய சிரமமில்லாமல் அதில் வேலை செய்ய முடிய வேண்டும். கடைசி நிபந்தனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். உற்பத்தி அளவைக் கேட்ட அதே மூச்சில் உடலின் களைப்பையும் அளவுகோலாக்கியது அது. பரிசை யாரும் பெறவில்லை. பின்னர் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் வடிவமைத்த அம்பர் ராட்டை 1950-களில் கதர் இயக்கத்துக்குள் பரவியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இத்தகைய கருவிகளுக்குப் பொருளியல் நியாயம் கட்டினார்: தீர்ந்துபோகும் வளங்களை நம்பாமல், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வளங்களில் நிற்பதே நிலைக்கும் என்பது அவர் வாதம். மனித உழைப்பு அந்த இரண்டாம் வகை.

இதே வழியில் பின்னாளில் வந்தவற்றில் மூன்று குறிப்பிடத்தக்கவை. குவாத்தமாலாவின் மாயா பெடல் அமைப்பு, 1990-களின் இறுதியிலிருந்து பழைய சைக்கிள்களைக் கொண்டு அரைவை, பம்பு, சோளம் உதிர்க்கும் கருவிகளைச் செய்கிறது. வங்கதேசத்தில் 1980 வாக்கில் உருவான மிதிபம்பு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மிதிசக்தியின் ஆகப்பெரிய வணிக வெற்றி அதுதான் எனலாம். மூன்றாவது கேரளத்தில். மலப்புறம் மாவட்டத்துப் பள்ளி மாணவி ரெம்யா ஜோஸ், வீட்டில் பெரியவர்கள் உடல்நலம் குன்றியபோது துணி துவைக்கும் பொறுப்பு தன்மேல் விழுந்ததால் மிதித்து ஓட்டும் துவைப்பு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். சோப்புத் தண்ணீரில் துணியை ஊறவிட்டுச் சில நிமிடம் மிதித்தால் போதும். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அதை அங்கீகரித்தது.

பலவீனங்களும் தெளிவு. மிக்ஸி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றுகிறது. காலின் இயல்பான வேகம் அறுபது எழுபது சுற்று. இவ்வளவு பெரிய விகிதத்தைப் பல்சக்கரங்களால் எட்டினால் உராய்விலேயே பாதி போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சட்டம் வேண்டும். இரண்டு படுக்கையறை வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. வரலாறும் எதிர்த்திசையில் போயிற்று. கோயம்புத்தூர்த் தொழிலாகத் தழைத்த மின்கிரைண்டரை 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்ஸி, மின்விசிறியோடு சேர்த்து இலவசமாகவே வீடுகளுக்குக் கொடுத்தது. ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்த தலைமுறை அதை வரவேற்றதில் வியப்பில்லை.

மின்சாரமாக்கும் மிதிப்பு

மின்சாரம் வேறு எந்த வழியிலும் வராத இடத்தில் மேற்சொன்ன இழப்புகள் பொருட்டாவதில்லை. ஆல்ஃபிரட் ட்ரேகர் 1920-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்கு மிதித்து இயக்கும் வானொலி செய்து கொடுத்தார். பல நூறு மைல் தள்ளியிருந்த பண்ணைகள் அதனால்தான் விமானத்தில் வரும் ‘பறக்கும் மருத்துவரை’ அழைக்க முடிந்தது. ஏறக்குறைய இருபது வாட் போதுமாயிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று யாழ்ப்பாணம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தடைப் பொருள்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். வானொலிக்கு வழி காட்டியது சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். டயரின் விளிம்பில் உரசும் டைனமோவின் இரண்டு கம்பிகள் வானொலிக்குப் போகும். 6 வோல்ட், 3 வாட் அளவுள்ள சின்னக் கருவி. அதிலிருந்து வருவது மாறுதிசை மின்சாரம், வானொலி கேட்பது நேர்திசை. நடுவில் டையோடு வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளரும். பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் பல வீடுகளுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தன. இந்த மூன்று வாட்டை யூனிட் கணக்கில் எழுதினால் ஒன்றுமேயில்லை. அன்றைய இரவில் எந்த ஊரில் என்ன நடந்தது என்பதை அறிய வேறு வழி இல்லாதவர்களுக்கு அதன் மதிப்பு வேறு.

2000 வாக்கில் வெண்ணிற எல்.இ.டி. வந்தபோது இந்தத் தரப்புக்குப் புது உயிர் வந்தது. கனடாப் பேராசிரியர் டேவ் அர்வைன்-ஹாலிடே நேபாளத்து மலைக்கிராமங்களில் எல்.இ.டி.யை மிதி ஜெனரேட்டரோடு இணைத்துப் பார்த்தார். 2003-இல் லாவோஸ் கிராமம் ஒன்றுக்காக மிதித்து இயக்கும் கணினி திட்டமிடப்பட்டது. ருவாண்டாவில் நூரு எனர்ஜி நிறுவனம், கிராமத்தில் ஒருவர் மிதித்து மற்றவர்களின் விளக்குகளைக் காசுக்குச் சார்ஜ் செய்து தரும் முறையைக் கொண்டுவந்தது. பெங்களூரின் ஃப்ளெக்ஸிட்ரான் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.எஸ். ஹிரேமத், 2007 வாக்கில் மின்ராட்டையை அறிமுகப்படுத்தினார். நூற்கும் கையின் உபரி ஆற்றல் அடியிலுள்ள பேட்டரியில் சேரும். இரண்டு மணி நேரம் நூற்றால் இரவில் சில மணி நேரம் எல்.இ.டி. எரியும், சிறிய வானொலியும் பாடும். இந்த வரிசையில் ஆக நுட்பமான சிந்தனை இதுதான் என்பது என் கணிப்பு. மின்சாரத்துக்காக யாரும் தனியே உழைக்க வேண்டியதில்லை. கூலி நூலுக்கு, வெளிச்சம் கூடுதல்.

ஆகப்பெரிய வாக்குறுதி 2015-இல் வந்தது. லக்னோவில் பிறந்த அமெரிக்கத் தொழிலதிபர் மனோஜ் பார்கவா, ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு கிராமத்து வீட்டுக்கு இருபத்துநாலு மணி நேர மின்சாரம் கிடைக்கும் என்று தன் ஆவணப்படத்தில் அறிவித்தார். கணக்கு பார்ப்போம். 75 வாட்-மணி மிதித்துப் பேட்டரி இழப்புப் போக 40 வாட்-மணி என்று கொள்ளலாம். 3 வாட் விளக்கு இரண்டு நாலைந்து மணி நேரம், கைபேசிக்கு ஒரு சார்ஜ் என்றால் கூற்று பொய்யில்லை. மின்விசிறி வந்ததும் அது சரிகிறது. மிகச் சிக்கனமான பி.எல்.டி.சி. விசிறியே 30 வாட். ஒரு மணி நேரம் மிதித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் சுற்றும். ‘வீட்டு மின்சாரம்’ என்ற சொல் பட்டணத்தில் ஒரு பொருளும் இருண்ட கிராமத்தில் வேறு பொருளும் கொண்டது. அந்த இடைவெளிதான் வாக்குறுதியைத் தாங்கிப் பிடித்தது.

பேட்டரிக் கணக்கு இதைவிடக் கடினம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கும். பாதிவரை மட்டும் இறக்கி நானூறு முறை பயன்படுத்தினால் வாழ்நாளில் அது தருவது பதினாறு யூனிட் அளவு. பேட்டரிச் செலவு மட்டுமே யூனிட்டுக்கு அறுபது ரூபாய். இதையொத்த காரணங்களைக் காட்டி, மிதி ஜெனரேட்டர் சூழலுக்கு நல்லதல்ல, மிதித்து நேரடியாக ஓட்டும் இயந்திரங்களே நல்லவை என்று 2011-இல் வாதிட்டார் தொழில்நுட்ப எழுத்தாளர் கிரிஸ் டி டெக்கர். இதற்கிடையில் சூரியத் தகடு மலிந்தது. பெங்களூர் வெயிலில் 100 வாட் தகடு ஒன்று நாளொன்றுக்கு 0.4 யூனிட் தரும். ஐந்து மணி நேர மிதிப்புக்கு அது சமம். 2017-இல் தொடங்கிய சௌபாக்யா திட்டம் கிராமத்து வீடுகளுக்கும் கம்பியைக் கொண்டுபோனது. மிதி ஜெனரேட்டர் நின்ற நிலம் இருபுறமும் அரிக்கப்பட்டுவிட்டது.

எப்படியும் மிதிக்கிறோமே என்ற வாதம்

மூன்றாவது தரப்பு நகரத்துக்குரியது. உடற்பயிற்சிக்கூடத்தில் எப்படியும் மிதிக்கிறார்கள். அந்த ஆற்றல் வெப்பமாகப் போவதைவிட மின்சாரமாகட்டும் என்கிறது. 2007-இல் ஹாங்காங்கிலும் 2008-இல் போர்ட்லாந்திலும் இப்படிப்பட்ட கூடங்கள் திறந்தன. கோபன்ஹேகன் ஹோட்டல் ஒன்று 2010-இல் 10 வாட்-மணி மிதித்த விருந்தினருக்கு உணவு வழங்கியது. பத்துச் சைக்கிள்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினாலும் கிடைப்பது நாலு யூனிட் சொச்சம். அந்தக் கூடத்தின் ஏசி அதை ஒரு காலைப்பொழுதில் தீர்த்துவிடும். உணவுக் கணக்கு இங்கே குறுக்கிடாது என்பது இந்த வாதத்தின் உண்மையான பலம். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்த நிலையில், மிதிப்பதன் முதல் பயன் உடம்புக்கே. அதற்கு மின்சாரம் என்ற நியாயம் தேவையா என்பது வேறு.

யாருடைய கால்கள்?

வாட், வோல்ட் கணக்குகள் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. தமிழர்களுக்கு மனித உடலை இயந்திரமாக்குவது என்றதும் நினைவுக்கு வருவது கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு. இங்கிலாந்துச் சிறைகளில் 1818-க்குப் பின் வந்த மிதிசக்கரமும் அதே குடும்பம். மிதிசக்தியைப் போற்றி எழுதுவோர் இந்த வரலாற்றை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

அமைதியான வீட்டுக்குள்ளும் கேள்வி மறையவில்லை. இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா குழு, தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தின் ஆற்றலை அளந்தது. 89 விழுக்காடு விறகு, 7 விழுக்காடு மனித உழைப்பு. மின்சாரம் ஒரு விழுக்காடு மட்டுமே. அந்தக் குழுவின் தரவுகளைக் கொண்டு 1982-இல் ஸ்ரீலதா பட்லிவாலா ஒரு படி மேலே போனார். மனித உழைப்பில் பெண்களின் பங்கு 53 விழுக்காடு, ஆண்கள் 31, குழந்தைகள் 16. பெண்களின் சத்துக்குறைவுக்குத் தட்டில் குறைவாக விழும் சோறு மட்டுமே காரணமில்லை, விறகும் தண்ணீரும் சமையலும் அவர்கள் உடலிலிருந்து உறிஞ்சும் கலோரியும் காரணம் என்றார். இந்த வாதத்தை ஏற்றால், வீட்டுக்குள் வரும் எந்த மிதி இயந்திரத்தையும் பார்த்து முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்கெனவே களைத்த உடலுக்கு இது வேலை கூட்டுகிறதா, குறைக்கிறதா? ரெம்யா ஜோஸின் இயந்திரம் இதில் தேறும். கல்லில் அடித்துத் துவைப்பதைவிட அது எளிது. மின்கிரைண்டரை எடுத்துவிட்டு மிதிகிரைண்டரை வைப்பது பெரும்பாலும் தேறாது, வீட்டு ஆண்கள் மிதிக்க முன்வந்தால் தவிர. குமரப்பாவின் பொருளியல் உழைப்பைப் புதுப்பிக்கத்தக்க வளமாகக் கண்டது. அந்த வளம் வீட்டுக்குள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை மிதிசக்தி பேசும் அவருடைய வழிவந்தோர் போதிய அளவு எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

தொம்மலூரில் மிஞ்சும் கேள்விகள்

கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டம் 2023 முதல் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லாமல் கொடுக்கிறது. தொம்மலூர் வீடு ஒன்றில் பணத்துக்காக மிதிக்க எந்தக் காரணமும் இன்று இல்லை. 200 யூனிட்டை மிதித்துச் சேர்க்க 2,600 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மாதத்தில் இருப்பதோ 720 மணி நேரம். காலால் வீட்டை ஓட்ட முடியுமா என்ற முழுக்கேள்விக்கு விடை ‘முடியாது’ என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாகிவிட்டது.

சிறிய கேள்விகள் சில இன்னும் முடியவில்லை. சாதனங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. 60 வாட் குண்டுபல்பின் இடத்தை 9 வாட் எல்.இ.டி.யும், 75 வாட் விசிறியின் இடத்தை 30 வாட் விசிறியும் பிடித்துவருகின்றன. ஆயிரக்கணக்கான முறை தாங்கும் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பேட்டரி, மேலே சொன்ன அறுபது ரூபாய்க் கணக்கை வெகுவாக இறக்கக்கூடும். கால் தருவது அதே 75 வாட்தான். அதனால் ஆகும் வேலை ஒரு தலைமுறையில் சில மடங்கு கூடியிருக்கிறது. இந்தப் போக்கு எங்கே நிற்கும் என்று இப்போது சொல்வதற்கில்லை.

நேரடியாக ஓட்டும் இயந்திரங்கள் பற்றியும் முடிவுகட்ட இயலாது. அவை பெரும்பாலும் தனிமனித முயற்சிகளாகவே நின்றுவிட்டன. 1929-இன் பரிசு நிபந்தனையைப் போல உடற்களைப்பை முதல் அளவுகோலாக வைத்து, பெண்களின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற மிதிச்சட்டம் ஒன்றை ஒரு பொறியியல் நிறுவனம் முறையாக வடிவமைத்துச் சோதித்தால் விடை வேறாகலாம், ஆகாமலும் போகலாம்.

மூன்றாவது, பேரிடர். 2015 டிசம்பர்ச் சென்னை வெள்ளமும், 2018 நவம்பரில் டெல்டாவைச் சாய்த்த கஜா புயலும், 2022 செப்டம்பரில் தொம்மலூருக்குக் கிழக்கே பெங்களூர் மூழ்கியதும் காட்டியபடி, கம்பியும் சூரியத் தகடும் ஒரே நேரத்தில் கைவிடும் நாள்கள் உண்டு. அப்போது தேவைப்படுவது ஒரு கைபேசிக்குப் பத்துப் பதினைந்து வாட்-மணி. ஒருவர் இருபது முப்பது நிமிடத்தில் மிதித்துக் கொடுத்துவிடுவார். அடுக்குமாடிகளின் உடற்பயிற்சி அறையில் ஏற்கெனவே நிற்கும் சைக்கிள்களில் ஒன்றுக்கு ஜெனரேட்டரும் யு.எஸ்.பி. முனையும் பொருத்தி வைப்பது பெரிய செலவில்லை. அது வெள்ளம் வரும்வரை துருப்பிடிக்காமல் பராமரிக்கப்படுமா, கீழ்த்தளத்தில் இருந்தால் முதலில் மூழ்குவதே அதுதானா என்பதெல்லாம் செய்துபார்த்தால்தான் தெரியும்.